கேட் மெஷின் பதில் சொல்லவில்லை

என் ஸ்கிரிப்ட் அனுப்பிய முதல் மெசேஜைச் சட்டம் போட்டுச் சுவரில் மாட்டாதது ஒன்றுதான் பாக்கி. "கேட் மெஷின் பதில் சொல்லவில்லை." நாலே வார்த்தை. அன்றைக்கு மட்டும் அதை என் வீட்டுக்காரரிடம் பத்துத் தடவையாவது காட்டியிருப்பேன். கவரைப்பேட்டையில் டயர் கடை வைத்திருப்பவர் அவர். பத்தாவது தடவை, "சொல்லலன்னா உடேன், அதுக்கு இன்னா கோவமோ" என்று சொல்லிவிட்டு ஸ்பானரை எடுத்துக்கொண்டு போய்விட்டார்.

நான் வேலை பார்ப்பது கும்மிடிப்பூண்டி தொழிற்பேட்டையில், வண்டிகளுக்கு ஒயர் கட்டுகள் செய்கிற ஒரு கம்பெனியில். நெட்வொர்க் பார்த்துக்கொள்ள அங்கே நான் ஒருத்திதான். பெருமைக்குச் சொல்லவில்லை. இன்னொரு ஆள் வேண்டும் என்று மூன்று முறை கேட்டேன், தரவில்லை. அந்தக் கடுப்பில்தான் ஸ்கிரிப்ட் எழுத உட்கார்ந்தேன்.

கருப்புத் திரையில் கட்டளைகளைத் தட்டி வேலை வாங்குகிற வகை அது. அதோடு சேர்த்துக்கொள்ள இணையத்தில் இலவசமாகவே ஆட்-ஆன்கள் கிடைக்கும். நான் இரண்டை எடுத்தேன். ஒன்று, கம்பெனியில் உள்ள ஒவ்வொரு கருவியையும் முப்பது செகண்டுக்கு ஒரு முறை "இருக்கியா?" என்று கேட்டுக்கொண்டே இருக்கும். இன்னொன்று, பதில் வராவிட்டால் நாம் சொல்கிறவர்களின் போனுக்கு மெசேஜ் தட்டிவிடும். ஒன்று கண், மற்றது வாய். நடுவில் மூளையாக நான் நாற்பது வரி எழுதினேன். அதற்கப்புறம் வந்த வம்பு எல்லாம் அந்த நாற்பது வரியிலிருந்துதான் வந்தது.

முதல் வம்பு ஒரு ஞாயிற்றுக்கிழமை. எங்கள் ஜி.எம். திருவள்ளூரில் அவருடைய அக்கா மகள் கல்யாணத்தில் தாய்மாமனாக மேடையில் நின்றுகொண்டிருந்தார். கம்பெனியில் கேட்டுக்கு மட்டும் கரண்ட் போய்விட்டது. ஒரு முறை சொன்னால் போதும், வாயை மூடு என்று வாய்க்குச் சொல்ல நான் மறந்துவிட்டிருந்தேன். அதனால் முப்பது செகண்டுக்கு ஒரு முறை கேட் மெஷின் பதில் சொல்லவில்லை என்று அவர் சட்டைப் பை அலறிக்கொண்டே இருந்திருக்கிறது. கல்யாண வீடியோவில் எல்லோரும் அட்சதை போடுகிற இடத்தில் அவர் மட்டும் போனைத் தட்டிக்கொண்டிருக்கிறாராம். அந்த வீடியோவை அவர் எனக்குக் காட்டவில்லை. காட்டுவேன் என்று மட்டும் அடிக்கடி சொல்வார்.

அதைச் சரிசெய்த கையோடு புத்திசாலித்தனமாக இன்னொன்றும் செய்தேன். கேட் மெஷின் என்பது முகத்தைக் காட்டினால் வருகையைப் பதிவு செய்கிற இயந்திரம். எட்டரைக்கு மேல் ஐந்து நிமிடம் வரை பொறுக்கும். அதற்கப்புறம் முகம் காட்டினால் லேட். மாதத்தில் மூன்று லேட் ஆனால் விளக்கக் கடிதம் தர வேண்டும். இரண்டு கடிதம் கொடுத்த கான்ட்ராக்ட் தொழிலாளியை அடுத்த முறை கூப்பிட மாட்டார்கள். மெஷினே வேலை செய்யாவிட்டால் என்ன செய்வது என்று பர்சனல் டிபார்ட்மெண்டில் கேட்டார்கள். நான் வழி சொன்னேன். மூன்று நிமிடம் மெஷினிடமிருந்து பதில் வராவிட்டால் அவர்களுக்கும் கேட் செக்யூரிட்டியின் போனுக்கும் மெசேஜ் போகும்: "கேட் மெஷின் பதில் சொல்லவில்லை. ரெஜிஸ்டரில் எழுதவும்." மெஷின் கெட்டது தொழிலாளியின் தப்பு இல்லையே, அதனால் ரெஜிஸ்டரில் இருக்கும் எல்லோரும் நேரத்துக்கு வந்ததாகக் கணக்கு. எல்லோரும் ஆஹா என்றார்கள். கேன்டீனில் எனக்குத் தனியாக ஒரு பன் பட்டர் ஜாம் வாங்கித் தந்தார்கள்.

அதற்கப்புறம் மெஷின் படுக்க ஆரம்பித்தது.

வாரத்துக்கு ஒரு முறை, சில வாரம் இரண்டு முறை. எப்போதும் காலை எட்டரையை ஒட்டித்தான். போனில் மெசேஜ் வந்ததும் நான் மாடியிலிருந்து இறங்கி, ஷெட்டைச் சுற்றிக்கொண்டு, கேட்டுக்கு மூச்சு வாங்க ஓடுவேன். போய்ச் சேர்வதற்குள் மெஷின் பச்சை விளக்கைப் போட்டுக்கொண்டு நல்ல பிள்ளையாக நிற்கும். பின்னால் எட்டிப் பார்த்தால் கேபிள் அது பாட்டுக்கு மாட்டியிருக்கும்.

கேட்டில் காலை ஷிஃப்ட் செக்யூரிட்டி ஓர் அக்கா. அவர் எங்கள் கம்பெனியிலேயே பதினொரு வருஷம் உற்பத்தி லைனில் ஒயர் மாட்டியவர். மணிக்கட்டு வீங்கி வேலை செய்ய முடியாமல் போனதும் கான்ட்ராக்டர் மூலமாகக் கேட்டுக்கு வந்தார். நீலச் சட்டை, கழுத்தில் விசில். அந்த விசிலை அவர் ஊதி நான் கேட்டதில்லை, அவர் குரலே போதும்.

"இன்னாக்கா ஆச்சு?"

"எனக்கு இன்னாம்மா தெரியும்? திடீர்னு செவப்பு லைட்டு போட்டுக்கினு நின்னுச்சு. அப்பால தானா வந்துச்சு. பேஜாரு புடிச்ச மெஷினு."

இந்த வசனத்தை நான் எத்தனை முறை கேட்டேன் என்று கணக்கில்லை. ஒவ்வொரு முறையும் அவரும் என்னோடு சேர்ந்து வருத்தப்பட்டார்.

காரணம் சொல்ல மட்டும் ஆளுக்குப் பஞ்சமே இல்லை. மெயின்டனன்ஸ் சூப்பர்வைசர் உப்புக்காற்று என்றார். எலக்ட்ரீஷியன் பல்லி என்றார். பல்லியைக் காட்டுங்கள் என்றேன், ஓடிவிட்டது என்றார். மெஷின் விற்றவர்கள் சென்னையிலிருந்து வந்து, பக்கத்து ஆலையின் உலைச் சூடு என்று சொல்லி வேறு மெஷின் வைத்துவிட்டுப் போனார்கள். புது மெஷினும் படுத்தது. அக்கா தன் செலவில் ஒரு எலுமிச்சம்பழமும் பச்சை மிளகாயும் கோத்து மெஷின் தலையில் கட்டினார். நான் படித்தவள், இதையெல்லாம் நம்ப மாட்டேன். இருந்தாலும் பழம் காய்ந்தபோது மாற்றச் சொல்லி நானேதான் ஞாபகப்படுத்தினேன்.

ஜி.எம். என்னைக் கூப்பிட்டார்.

"நீ ஸ்கிரிப்ட் போடறதுக்கு முன்னாடி இந்த மெஷின் எத்தன வாட்டி கெட்டுச்சு?"

"தெரியாது சார். அப்ப அதைப் பாத்துக்கினு இருக்க ஆளில்ல."

"எனக்குத் தெரியும். ஒரு வாட்டி கூட இல்ல." பேனாவை மூடி வைத்தார். "இந்த மாசக் கடைசில உன் கான்ட்ராக்ட் முடியுது இல்ல? அதுக்குள்ள காரணத்த கண்டுபுடி. இல்லன்னா நெட்வொர்க்க வெளி ஏஜென்சிக்குக் குடுத்துடுவேன். உன் ஸ்கிரிப்ட நீயே எடுத்துக்கினு போயிடலாம்."

அன்று முதல் நான் சரியாகச் சாப்பிடவில்லை. இரண்டு வருஷமாகத் தனியாளாக இழுத்துக்கொண்டு வந்த வண்டி. எவனோ ஏஜென்சிக்காரன் வந்து அதில் ஏறி உட்காருவான் என்று நினைத்தாலே வயிறு எரிந்தது. ஸ்கிரிப்டில் இன்னும் இருபது வரி சேர்த்தேன். மெஷின் படுத்த நேரம், எழுந்த நேரம், அன்றைய வெயில், மின்னழுத்தம், பக்கத்து ஆலை உலை ஓடியதா என்று எல்லாவற்றையும் குறித்துக்கொண்டேன். ஒன்றும் ஒன்றோடு சேரவில்லை.

மாதம் முடிய ஒரு வாரம் இருக்கும்போது என் ஸ்கூட்டர் பஞ்சர். டயர் கடைக்காரர் பெண்டாட்டி வண்டி. "கடையத் தொறந்ததும் பாக்கறேன்" என்றார் அந்தப் பெரிய மனிதர். வேறு வழியில்லாமல் கவரைப்பேட்டை ஸ்டேஷனுக்கு நடந்தேன்.

எட்டு மணிக்கு வர வேண்டிய மின்சார ரயில் எட்டு இருபதுக்கு வந்தது. லேடீஸ் பெட்டியில் ஏறினால் பாதிப் பேர் எங்கள் கம்பெனி லைன் பெண்கள். சிலர் அத்திப்பட்டிலிருந்தே ஏறியவர்கள். அங்கே நிலக்கரி ஏற்றிய கூட்ஸ் வண்டிக்கு வழி விடுவதற்காக இந்த ரயிலை நிறுத்தி வைத்துவிட்டார்களாம். எனக்கு அந்த மாதம் ஏற்கெனவே இரண்டு லேட். கான்ட்ராக்ட் முடிகிற மாதத்தில் மூன்றாவது வேண்டவே வேண்டாம். கும்மிடிப்பூண்டியில் இறங்கியதும் புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு ஓடினேன். திரும்பிப் பார்த்தால் அவர்களில் ஒருத்தி கூட ஓடவில்லை. பேசிக்கொண்டும் பூ வைத்துக்கொண்டும் நடந்து வந்தார்கள். ஒருத்தி நின்று கொய்யாப்பழம் வாங்கினாள்.

"இன்னா நடக்கறீங்க? மணி எட்டு முப்பத்தஞ்சு!"

கொய்யாப்பழம் வாங்கியவள் என்னைப் பாவமாகப் பார்த்தாள். மாடியில் இருக்கிறவள் என்று அவளுக்கு என்னை அடையாளம் தெரியவில்லை, ஏதோ டிபார்ட்மெண்டுக்குப் புதுசு என்று நினைத்துவிட்டாள்.

"புதுசா நீ? ஏன் ஓடற, நெஞ்சு அடைச்சிக்கப் போவுது. ரயிலு லேட்டுன்னா மெஷினு படுத்துக்கும்."

ஷேர் ஆட்டோவில் ஏறி உட்கார்ந்தேன். என் கைப்பையில் போன் 'டிங்' என்றது. எடுக்காமலே தெரிந்துவிட்டது. இருந்தாலும் எடுத்துப் பார்த்தேன். "கேட் மெஷின் பதில் சொல்லவில்லை. ரெஜிஸ்டரில் எழுதவும்." என் கண்ணும் என் வாயும் சேர்ந்து என் மடியிலேயே என் மானத்தை வாங்கின.

கேட்டில் அக்கா ரெஜிஸ்டரை விரித்து வைத்து, வரிசையாக எட்டரை, எட்டரை என்று எழுதிக்கொண்டிருந்தார். வரிசையில் என்னைப் பார்த்ததும் பேனா ஒரு நொடி நின்றது. பிறகு என் பெயரையும் எழுதி, பக்கத்தில் எட்டரை என்று போட்டார். நான் மெஷினுக்குப் பின்னால் போனேன். கேபிள் மாட்டியேதான் இருந்தது. இத்தனை நாளும் அதைப் பார்த்துவிட்டுத் திரும்பினேன். இன்றைக்குப் பிடித்து இழுத்தேன். கையோடு வந்துவிட்டது.

எங்கள் லைனில் ஒவ்வொரு மேஜைக்கு மேலும் ஒரு போர்டு தொங்கும்: தள்ளு, கிளிக், இழு. ஒயரின் முனையைத் தள்ள வேண்டும், கிளிக் என்று சத்தம் கேட்க வேண்டும், அப்புறம் இழுத்துப் பார்க்க வேண்டும். பார்வைக்குச் சேர்ந்த மாதிரி இருந்தால் போதாது என்பது அங்கே முதல் நாள் பாடம். அந்தப் போர்டுகளுக்குக் கீழே நான் இரண்டு வருஷம் நடந்திருக்கிறேன். ஒரு கேபிளைக் கூட இழுத்துப் பார்த்ததில்லை.

கூட்டம் உள்ளே போனதும் அக்காவைக் கேட்டேன். அவர் மறுக்கவே இல்லை.

"ஆமாம்மா. கிளிப்ப அமுக்கி ஒரு நூலளவு வெளிய இழுத்தா போதும், லைன் கட்டாயிடும். பாக்கறதுக்கு மாட்டிக்கினு கீற மாதிரியே இருக்கும். நீ மாடில இருந்து எறங்கி வர்றதுக்குள்ள ஒரே அமுக்கு. பதினோரு வருஷம் அத தானே பண்ணேன்."

"ரயிலு லேட்டுன்னு உங்களுக்கு எப்டி தெரியும்?"

"அத்திப்பட்டுல வண்டி நின்னா எனக்கு ஒரு மிஸ்டு கால் வரும். ஒண்ணு வந்தா லேட்டு. ரெண்டு வந்தா ரொம்ப லேட்டு."

என்னுடைய இரண்டு ஆட்-ஆன்களும் அறுபது வரிகளும் செய்த வேலையை அவர்கள் ஒரு மிஸ்டு காலில் செய்திருக்கிறார்கள். அவர்களுடையது ஒரு முறை கூடத் தப்பாகச் சொன்னதில்லை.

"அக்கா, எனக்கு இதால வேலையே போகப் போவுது. தெரியுமா உங்களுக்கு?"

அவர் முகம் மாறிவிட்டது. "அய்யோ, தெரியாதும்மா" என்றார். பிறகு மெதுவாகச் சொன்னார். "நீ தானே மெசேஜ் உட்ட? மெஷினு படுத்தா ரெஜிஸ்டர்ல எழுதுன்னு. எழுதணும்னா அது படுக்கணும்ல?"

"அதுக்கு முன்னாடியெல்லாம் இன்னா பண்ணாங்க?"

"முன்னாடி இங்க நின்னு அழுவாங்க."

எனக்கு ஆத்திரமும் வெட்கமும் ஒன்றாக வந்தன. கோபத்தை எங்கே காட்டுவது என்று தெரியாமல் எலுமிச்சம்பழத்தைப் பிடித்துக்கொண்டேன். "அப்ப இத எதுக்குக் கட்டினீங்க? என்ன ஏமாத்தவா?"

"ச்சே, அது நெஜமாவே கண்ணேறுக்குதாம்மா. முப்பது செகண்டுக்கு ஒரு வாட்டி நீ பாத்துக்கினே இருந்தா மெஷினுக்கு ஆவுமா?"

இரண்டு நாள் யோசித்தேன். காரணத்தைச் சொன்னால் அக்காவுக்கு வேலை போகும். சொல்லாவிட்டால் எனக்குப் போகும். பல்லி என்று எழுதிவிடலாமா என்று கூடப் பார்த்தேன். அன்றைய ரெஜிஸ்டரில் என் பெயரும் எட்டரை என்று இருப்பது வேறு உறுத்தியது. வீட்டுக்காரரிடம் சொன்னேன். அவர் கையில் இருந்த டியூபைப் பக்கெட்டில் முக்கியபடியே, "நான் பஞ்சர்னா ஆணிய புடுங்கிக் காட்டுவேன். ஆணிய போட்டவன் யாருன்னு எந்தக் கஸ்டமரும் கேக்கறதில்ல" என்றார். அவ்வளவு நாள் வாழ்ந்ததில் அவர் எனக்கு உருப்படியாகச் சொன்ன யோசனை அது.

ஒரு தாளில் இரண்டு பத்தி போட்டு எடுத்துக்கொண்டு ஜி.எம்.மிடம் போனேன். இடது பக்கம் மெஷின் படுத்த நாட்கள். வலது பக்கம் ரயில் தாமதமான நாட்கள். அவர் விரலை வைத்து ஒவ்வொன்றாகப் பார்த்தார். ஒரு நாள் கூட விலகவில்லை.

"அப்ப மெஷினுக்கு ரயில் டைம் தெரியுது."

"ஆமா சார். தப்பு என் மேலதான். மெஷின் கெட்டா மன்னிப்பு உண்டுன்னு ரூல் போட்டேன். ரயிலு லேட்டானா உண்டுன்னு போடல. அன்னிக்கு நானும் அந்த ரயில்லதான் வந்தேன். ரெஜிஸ்டர்ல எட்டரைன்னு இருக்கு. அத லேட்டுன்னு மாத்திடுங்க."

அவர் என்னை நிமிர்ந்து பார்த்தார். "கேபிளு?"

"கிளிக் ஆகாம இருந்துச்சு சார்."

அவரும் ஒரு காலத்தில் லைனில் இருந்து மேலே வந்தவர்தான். கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "கிளிக்க எடுத்தது யாருன்னு நான் கேக்கல. கேட்டா நீ சொல்லணும். நீ சொன்னா நான் ஏதாவது பண்ணணும். இப்ப இதுக்கு இன்னா பண்ணலாம், அத சொல்லு."

நான் சொன்னேன். ரயில் தாமதமானால் கேட் போனிலிருந்து 'ரயில்' என்று ஒரே ஒரு வார்த்தை ஸ்கிரிப்டுக்கு வரும். ரயிலில் வந்தவர்களை மட்டும் ரெஜிஸ்டரில் எழுதச் சொல்லி அது எல்லோருக்கும் மெசேஜ் அனுப்பும். மெஷின் பாட்டுக்கு ஓடும்.

"ரெண்டு மாசம் பாக்கறேன். உனக்கும் ரெண்டு மாசம்தான் எக்ஸ்டென்ஷன். ஒரு நாள் பொய்யா ஒரு 'ரயில்' வந்தாலும், பொய்யா ஒரு பேரு ஏறினாலும், கேட்ல இருக்கறவங்களும் வேணாம், நீயும் வேணாம்."

அக்காவுக்கு 'ரயில்' என்று அனுப்பக் கற்றுக்கொடுத்தபோது, "மிஸ்டு கால்ல வார்த்தையே இல்ல, அதுவே சுளுவு" என்று குறைபட்டுக்கொண்டார். அனுப்பினார். நிபந்தனையைச் சொன்னேன். தலையை ஆட்டினார்.

எனக்குத்தான் நிம்மதி இல்லை. அவ்வளவு நாள் என்னை ஏமாற்றிய கையில் என் பிழைப்பைக் கொடுத்திருக்கிறேன். 'ரயில்' என்று வரும் ஒவ்வொரு முறையும் ரயில் எங்கே நிற்கிறது என்று போனில் பார்ப்பேன். ஒவ்வொரு முறையும் அது எங்காவது நின்றுகொண்டுதான் இருந்தது. பார்ப்பதை நிறுத்தவும் முடியவில்லை. வெட்கமாகத்தான் இருந்தது.

இரண்டாவது மாதத்தின் கடைசி வாரம். எங்கள் வீட்டுப் பக்கத்திலிருந்து மெயின் ரோட்டுக்கு வர ரயில்வே கேட்டைத் தாண்ட வேண்டும். அன்றைக்கு அதைப் போட்டவர்கள் திறக்கவே இல்லை. இந்தப் பக்கம் ஸ்கூட்டரில் நான் வெந்துகொண்டிருக்க, எங்கள் பெண்கள் ஏறிய ரயில் இருபது நிமிடம் தாமதமாக என் முகத்துக்கு நேராக ஊர்ந்து போனது. ஜன்னலிலிருந்து ஒருத்தி எனக்கு டாட்டா காட்டினாள். 'டிங்' என்று போன் ஒலித்தது. 'ரயில் தாமதம்.' எனக்கு அந்த மாதமும் ஏற்கெனவே இரண்டு லேட்.

நான் போய்ச் சேரும்போது கேட்டில் ரயில் கூட்டம் நின்றிருந்தது. வண்டியை ஓரம் கட்டிவிட்டு நானும் அந்த வரிசையில் போய் நின்றுகொண்டேன். என் முறை வந்தது. அக்கா ரெஜிஸ்டரை மூடினார்.

"நீ வண்டில தானே வந்த?"

"அக்கா, இந்த ரயிலுக்குதான் கேட் போட்டாங்க. அதே ரயிலு, அதே லேட்டு!"

"ரெஜிஸ்டரு ரயில்ல வந்தவங்களுக்கு. அந்தாண்ட போய் மெஷினுக்கு மொகத்த காட்டு."

"என்னையா சொல்றீங்க? நான் இல்லன்னா இந்த ரெஜிஸ்டரே இல்ல, தெரியும்ல?"

"தெரியும்மா. போய் மொகத்த காட்டு."

ஐம்பது பெண்கள் வேடிக்கை பார்க்க, மெஷின் முன்னால் போய் நின்றேன். இத்தனை கோபமான முகத்தை அது அதுவரை பார்த்திருக்காது. இருந்தாலும் அடையாளம் கண்டுகொண்டது. உடனே என் போனில் மெசேஜ் வந்தது, நானே எழுதிய வாக்கியம்: "இம்மாதம் மூன்றாவது தாமதம். விளக்கக் கடிதம் தரவும்." திரும்பினால் எனக்குப் பின்னால் ஜி.எம்.மின் கார் நின்றிருந்தது. கண்ணாடி பாதி இறங்கியிருந்தது. எவ்வளவு நேரமாக நிற்கிறார் என்று தெரியவில்லை. அக்கா கேட்டைத் திறந்ததும் கார் உள்ளே போய்விட்டது.

மத்தியானம் அக்கா டிபன் பாக்ஸோடு மாடிக்கு வந்தார். அந்தப் படிகளை அவர் அதுவரை ஏறியதில்லை.

"கோவமா?"

"ஆமா."

"இருக்கட்டும்." மூடியில் கொஞ்சம் புளிசாதம் வைத்து என் பக்கம் நகர்த்தினார். "இன்னிக்கு உன்ன உட்டிருந்தன்னு வெச்சிக்கோ, நாளைக்கு அவங்க அம்பது பேரும் ரயில்ல வந்தாங்கன்னு நான் சொன்னா எவன் நம்புவான்?"

எனக்குக் கண் கலங்கிவிட்டது. புளிசாதத்தில் காரம் அதிகம் என்று சொல்லிச் சமாளித்தேன். அன்று முதல் 'ரயில்' என்று வந்தால் நான் போனில் தேடுவதில்லை.

விளக்கக் கடிதத்தில் ரயில்வே கேட் பற்றி ஒரு பக்கம் எழுதிக் கொடுத்தேன். சாயங்காலம் ஜி.எம்.மின் அறையிலிருந்து இரண்டு தாள் ஒன்றாக ஸ்டேப்ளர் பின் அடித்துத் திரும்பி வந்தது. மேலே இருந்தது என் கடிதம். "ஏற்கப்படவில்லை" என்று சிவப்பு மையில் எழுதிக் கையெழுத்துப் போட்டிருந்தார். கீழே இருந்தது என் புதிய கான்ட்ராக்ட், இரண்டு வருஷத்துக்கு. பின் சரியாகப் பிடித்திருக்கிறதா என்று இரண்டு தாளையும் இழுத்துப் பார்த்தேன்.